ஒற்றை லைட்

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி, மன்னார்குடி அருகே ஒரு கிராமத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் பேசியது.)

பெரியவர்களே, தாய்மார்களே, பைக்கை விட்டு இறங்காமலே நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

இருபத்தெட்டு வருஷம் இந்தப் பக்கம் டவுன் பஸ் ஓட்டியவன் நான். ஸ்டியரிங் பிடித்த கைக்கு மைக் பிடிக்க வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விபத்து என்றால் நாலுவழிச் சாலைதான் நமக்கு ஞாபகம் வரும். 2022இல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. அதில் நூற்றுக்கு 68 பேர் கிராமப்புறத்தில் போனவர்கள். ஊரை ஒட்டிப் போகும் பெரிய ரோடுகளும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். இருந்தாலும் 68 என்பது சின்ன எண்ணா?

"காலி ரோடு, ஒரு அழுத்து அழுத்தலாம்" என்போம். எது காலி? இந்த ரோட்டில்தான் மாடு படுக்கிறது, உளுந்து காய்கிறது, பிள்ளைகள் டயர் உருட்டுகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் வண்டி போய்விடும். வரப்பிலிருந்து ஆடு ரோட்டில் ஏற அந்த ஒரு நொடி போதும்.

ரோட்டின் அகலத்தைப் பாருங்கள். கிராமத்து ஒற்றை ரோடு பெரும்பாலும் 3.75 மீட்டர், பன்னிரண்டு அடி சொச்சம். பஸ்ஸே எட்டடி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கத்தான் வேண்டும். அந்த மண்ணோ, தார் மேல் தார் போட்டதில் அரையடி பள்ளமாகிக் கிடக்கும். இறங்கிய சக்கரத்தைச் சட்டென்று ஒடித்து ஏற்றினால் வண்டி எதிர்ப்பக்க வாய்க்காலுக்குப் போய்விடும். பதறாமல் ஆக்ஸிலேட்டரை விட்டு, வேகம் செத்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள்.

இப்போது என் கதை. சம்பா அறுவடை நேரம், ராத்திரி கடைசி டிரிப். எதிரே ஒரே ஒரு லைட் வந்தது. பைக்தானே என்று கொஞ்சம்தான் ஒதுங்கினேன். கிட்டே வந்ததும் பார்த்தால் டிராக்டர்! பின்னால் டிரெய்லர், இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வைக்கோல். எரிந்தது அவருடைய இடது பக்க லைட். என்னை உரசிப் போகவேண்டிய வலது பாதி முழுக்க இருட்டில் வந்திருக்கிறது. வைக்கோல் ஜன்னல் கம்பியில் சரசரவென்று தேய்த்துக்கொண்டு போனது. கண்டக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் என் பக்கத்து ஜன்னலில் சிக்கியிருந்த வைக்கோலை நானே உருவிப் போட்டேன். அன்றைக்கு என் மேலும் தப்பு உண்டு. ஒற்றை லைட்டைப் பார்த்தால் அது டிராக்டர் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். பைக்காக இருந்துவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ரோட்டில் நெல் காயவைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் காயவைத்தவன்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ஊரில் களம் கிடையாது. வேறு எங்கே கொட்டுவது? களம் கேட்டுக் கிராம சபையில் மனு கொடுப்போம், அது தனிக் கதை. ஆனால் நெல்லைச் சுற்றி வைத்த கல்? சாயங்காலம் நெல்லை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறோம். கல் அங்கேயே கிடக்கிறது. இருட்டில் அதில் ஏறி விழுகிறவன் வெளியூர்க்காரன் இல்லை. பால் சொசைட்டிக்கு விடியற்காலையில் போகிற நம்ம ஊர்ப் பையன்தான்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால் போலீஸ், கோர்ட் என்று பயந்து ஒதுங்காதீர்கள். உதவி செய்தவரை அலைக்கழிக்கக் கூடாது என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 108க்கு அடியுங்கள். 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கிடையாது. ‘பணத்துக்கு எங்கே போவது’ என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

சரி, கடைசியாக ஒன்று. ஒளிரும் ஸ்டிக்கர் இரண்டு கட்டு வாங்கி வந்திருக்கிறேன். டிரெய்லர் வைத்திருப்பவர்கள் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்குப் பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. சேற்றைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே உரிந்துவிடும்.