தங்கத்தில் சிக்கும் காற்றுப் பாதரசம்

வணக்கம். வேலூரில் நின்றுகொண்டு மாசு என்று வாயைத் திறந்தாலே, ராணிப்பேட்டை குரோமியக் கழிவு, தோல் தொழிற்சாலைத் தண்ணீர், பாலாறு என்று நீங்களே எனக்குப் பாடம் எடுத்துவிடுவீர்கள். அந்த மாசில் ஒரு வசதி உண்டு. கொட்டிய இடம் தெரியும், கையைக் காட்டிச் சண்டை போடலாம். பாதரசத்தில் அந்த வசதி கிடையாது. நிலக்கரியை எரிக்கும்போதும், சின்னச் சின்னத் தங்கச் சுரங்கங்களில் மண்ணிலிருந்து பொன்னைப் பிரிக்கும்போதும் ஆவியாகக் கிளம்புகிற பாதரசம் மழையில் எளிதில் கரையாது, மாதக்கணக்கில் காற்றோடு அலைந்துவிட்டு, கிளம்பிய நாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கடலில் போய் விழும். அப்புறம் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசம் என்கிற கொடிய நஞ்சாக்கும், அது மீனுக்குப் போகும், மீனிலிருந்து நமக்கு.

2015 கணக்குப்படி மனிதர்கள் காற்றில் கலப்பது ஆண்டுக்குச் சுமார் 2,200 டன். அவ்வளவு டன் என்றதும் காற்றில் நிறைய இருக்கும் என்று தோன்றும். நம் வட அரைக்கோளத்தில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை நானோகிராம்தான், நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம்ம கோட்டை 133 ஏக்கர். அதன்மேல் ஒண்ணேகால் கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கிற காற்று முழுவதையும் சலித்தால் ஒரு கிராம் தேறும்.

சரி, இதை எப்படிப் பிடிப்பது? தங்கத்தை வைத்துத்தான். நகைப் பட்டறை வைத்திருப்பவர் யாராவது இங்கே இருந்தால் அவருக்கு இது புதிதில்லை, பாதரசம் பட்ட மோதிரம் வெளுத்துப்போகும். அதே சங்கதியைக் கருவிக்குள் வைத்திருக்கிறார்கள். தங்கம் வைத்த சின்னக் குழாய் வழியாகக் காற்றை இழுத்தால் பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், சில நிமிடம் கழித்துக் குழாயைச் சூடேற்றினால் அது ஆவியாகி ஆர்கான் வாயுவோடு வெளியே வரும், அதன்மேல் 253.7 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் பாதரச அணுக்கள் ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு பாதரசம். குழாய் இரண்டு இருக்கும், ஒன்று பிடிக்கும்போது இன்னொன்று சூடாகும்.

தரையில் இது சுலபம். பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்வாசிதான். பம்ப் திணறும், ஒளியை அளக்கும் அறையில் அழுத்தம் மாறினால் எண்ணும் மாறிவிடும், அதனால் அங்கே அழுத்தத்தை மாறாமல் பிடித்து வைக்க வேண்டும். இன்னொரு சங்கடம் வேகம். ஒரு மாதிரிக்குப் பத்து நிமிடம் என்றால் அதற்குள் விமானம் 150 கிலோமீட்டர் போய்விடும், காட்பாடிக்கு மேலே எவ்வளவு என்று கேட்டால் காட்பாடியிலிருந்து சென்னை வரை எல்லாம் கலந்து ஒரே ஒரு எண்தான் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், பாதரசம் அலுமினியத்தை அரித்துத் தின்னும் என்பதால் பாதரசப் பாரோமீட்டரை இஷ்டத்துக்கு விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அந்த விமானத்திலேயே உட்கார்ந்துதான் வெளியே இருக்கிற பாதரசத்தைத் தேடுகிறார்கள்.

இதற்கென்றே ஆராய்ச்சி விமானங்கள் உண்டு. 2013-இல் அமெரிக்காவில் ஒரு சி-130 விமானம் அந்நாட்டின் தென்கிழக்குப் பக்கம் பறந்து அளந்தது. நல்ல வேலைதான், ஆனால் அது ஒரு கோடைக்காலத்தின் சில வாரங்களைத்தான் காட்டும். எனக்குப் பெரிதாகத் தெரிவது ஜெர்மானியர்கள் செய்தது. காரிபிக் என்று ஒரு திட்டம். லுப்தான்சாவின் ஏர்பஸ் ஏ340 பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் ஒன்றரை டன் பெட்டி ஒன்றை ஏற்றினார்கள், வயிற்றுப் பக்கம் காற்றை இழுக்க ஒரு மூக்கு. மேலே பயணிகள் சாப்பிட்டுத் தூங்க, கீழே பெட்டி தன்பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது. பாதரசம் 2005-இலிருந்து. ஏறக்குறைய மாதம் ஒருமுறை, வருடக்கணக்கில். சலிப்பான வேலை என்று நினைப்பீர்கள், அந்தச் சலிப்புதான் மதிப்பு. ஒருநாள் அளந்தால் அன்றைய காற்று தெரியும், பத்து வருடம் அளந்தால்தான் வழக்கம் எது, விதிவிலக்கு எது என்று தெரியும்.

அப்படித் தெரிந்தவை சில. காட்டுத்தீப் புகை எழும்பிவரும் இடத்தில் கார்பன் மோனாக்சைடோடு பாதரசமும் சேர்ந்தே ஏறுகிறது, இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்து எந்தப் புகை என்று ஓரளவு பிரித்துவிடலாம். மழைமேகங்களுக்கு மேலே இருக்கும் காற்று அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் தொடங்கும் எல்லையைத் தாண்டியதும் ஆவிப் பாதரசம் குறைந்துகொண்டே போகிறது. எங்கே போனது? புரோமின் போன்றவை அதை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகின்றன, ஒரு பகுதி தூசுத் துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. 1998-இலேயே அந்த உயரத்துத் துகள்களில் பாதரசம் இருப்பதை ஆராய்ச்சி விமானம் ஒன்று காட்டியிருந்தது. ஆக்சிஜனேற்றம் ஆன பாதரசம் தண்ணீரில் கரையும், கீழே இறங்கினால் மழையோடு வந்துவிடும். அதனால்தான் மேலே அளப்பது முக்கியம், மழையில் விழும் பாதரசத்தில் நல்ல பங்கு மேலேதான் உருமாறுகிறது.

நமக்கு ஒட்டு உண்டா என்றால், உண்டு. 2008-இல் அந்தப் பெட்டி பிராங்க்பர்ட்டுக்கும் சென்னைக்கும் இடையே பலமுறை பறந்தது, பருவமழையை ஆராயத்தான். தரையில் கிளம்பிய மீத்தேன் மழைமேகங்களோடு ஏறி அவ்வளவு உயரத்தில் குவிந்திருந்தது அப்போது தெரிந்தது. அதே படிக்கட்டில் பாதரசமும் ஏறும் இல்லையா? பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018-இல் ஏற்றது. கையெழுத்துப் போட்டதால் காற்று மாறியதா என்று பார்க்க யாராவது மேலே போக வேண்டும், அதற்கு ஜெர்மன் விமானத்தையே நம்பிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னையிலிருந்து தினமும் டெல்லிக்கும் மும்பைக்கும் எத்தனை விமானம் கிளம்புகிறது, அதில் ஒன்றின் சரக்கு அறையில் இப்படி ஒரு பெட்டியை ஏற்ற இடம் கிடைக்காதா? கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.