பட்டனை விட்டால்தான் பதில்

(ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் மீன் வண்டி, வேன், ஆட்டோ ஓட்டுநர்களுக்காக நடந்த சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். போனை அணைத்து வையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அது அடிக்கும்போது உங்கள் முகம் என்ன ஆகிறது என்று மேடையிலிருந்து பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

நான் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா விசைப்படகு டிரைவர். அவர் நிற்கிற கூண்டில், படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோ செட் ஒன்று தொங்கும். சுருட்டை வயரில் ஒரு மைக், அதன் பக்கவாட்டில் கறுப்புப் பட்டன். கட்டைவிரல் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. "மடி ஏத்துறோம், அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி விரலை எடுத்துவிடுவார். மடி என்றால் இழுவலை. அதற்கு மேல் யாரும் அவரை நச்சரிக்க மாட்டார்கள். ஏனென்றால் அந்தப் பக்கம் இருப்பவரும் படகில்தான் நிற்கிறார். மடி ஏறும்போது கை எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று. அதே சேனலில் இருக்கிற அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் சீட்டுப் பணம், மாமியார் சண்டை எதுவும் அதில் வராது. காற்று, கரை, மீன், டீசல். அவ்வளவுதான் பேச்சு.

போன் அப்படியா? நீங்கள் இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கத்துவார்கள். உங்கள் முன்னால் ஆடு குறுக்கே ஓடியது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து சீட்டில் இருப்பவராவது ஆட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்.

"சார், நான் கையில் பிடிப்பதே இல்லை, ப்ளூடூத்தான்" என்று ஒருவர் சொல்வது கேட்கிறது. நல்லது, ஒரு கை மிச்சம். ஆனால் 1997இல் கனடாவின் டொராண்டோவில் போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லையும் விபத்து நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேசும்போது ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறையவில்லை. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பார்த்தபோதும் அதே நான்கு மடங்குதான் வந்தது.

இதோ, மூன்றாவது வரிசையில் ஒரு தம்பிக்கு அடிக்கிறது. எடுங்கள் தம்பி, பரவாயில்லை. பாருங்கள், பேசிக்கொண்டே என்னைத்தான் பார்க்கிறார். தம்பி, கடைசியாக எந்த ஊர்ப் பெயரைச் சொன்னேன்? ...சிரிக்க வேண்டாம், எனக்கும் இப்படித்தான் ஆகும். கண் பார்க்கிறது, மனசு வாங்கிக்கொள்வதில்லை. இவர் உட்கார்ந்திருப்பது நாற்காலியில், அதனால் சேதம் இல்லை.

அமெரிக்காவில் லாரிக்காரர்கள் வண்டியிலேயே ரேடியோ வைத்து ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள். 2009இல் வெளியான ஒரு ஆய்வில், மெசேஜ் அடித்த லாரி ஓட்டுநருக்கு ஆபத்து 23 மடங்கு என்று வந்தது. ரேடியோவில் பேசியதால் ஆபத்து கூடவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அதே ஆய்வில் ப்ளூடூத் மாதிரி கை படாமல் பேசியதாலும் கூடவில்லை. ஆளில்லாத நெடுஞ்சாலையில் தூக்கம் வராமலிருக்க அந்தப் பேச்சு உதவியிருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். உச்சிப்புளி ரோட்டில் சைக்கிளும் ஆடும் பள்ளிக்கூடப் பிள்ளையும் சேர்ந்து வரும்போது அந்தக் கணக்கை நான் நம்பத் தயாரில்லை. 2012இல் அமெரிக்காவில் லாரி, பஸ் ஓட்டுநர்கள் போனைக் கையில் பிடிக்கத் தடை வந்தது. ரேடியோவை விட்டுவிட்டார்கள். ஆனால் போனிலேயே பட்டன் அமுக்கிப் பேசும் வசதிக்கும் தடைதான்.

நம் பாம்பன் சாலைப் பாலத்துக்கு வருவோம். 1988இல் திறந்தது, நீளம் 2.3 கிலோமீட்டர் சொச்சம். அறுபதில் போனால் நொடிக்குப் பதினேழு மீட்டர். ஒரு மெசேஜை ஐந்து நொடி பார்த்தால் 80 மீட்டருக்கு மேல் குருட்டு ஓட்டம். அதற்குள் ரயில் பாலத்தைப் போட்டோ எடுக்க எத்தனை வண்டி ஓரம் கட்டி நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டுக் காற்று வேறு.

"அப்ப வண்டிக்கும் ஒரு வாக்கி டாக்கி வாங்கிக் கொடுங்க சார்" என்று அங்கே ஒரு குரல். ஆசைதான். படகு செட்டைக் கழற்றி வண்டியில் மாட்ட முடியாது. அதன் அலைவரிசை கடலுக்கானது, 16ஆம் சேனல் ஆபத்தில் கூப்பிடுவதற்கு. மைக்கைப் பிடிக்கவும் ஒரு கை போகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவி என்றுதான் பேசுகிறது. முதல் தடவைக்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

செட் வேண்டாம், செட்டின் பழக்கம் போதும். முன் வரிசையில் இருக்கும் வியாபாரி அண்ணன்மார்களிடம்தான் இதைக் கேட்கிறேன். ராத்திரி வண்டி கிளம்பியதும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "எங்க வர்ற, எங்க வர்ற" என்று கூப்பிடுவது நீங்கள்தானே? ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை. இந்த மூன்று ஊரிலும் வண்டியை ஓரம் கட்டி டிரைவரே உங்களைக் கூப்பிடுவார். ஏல விலை, பெட்டிக் கணக்கு எல்லாம் அப்போது பேசுங்கள். நடுவில் அவர் எடுக்கவில்லை என்றால் மடி ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நின்னு நின்னு வந்தா ஐஸ் கரைஞ்சிரும் வாத்தியாரே" என்கிறார் ஒரு அண்ணன். மூன்று நிறுத்தத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகுமா? பெட்டிக்கு இன்னும் ரெண்டு கை ஐஸ் கூடப் போடச் சொல்லுங்கள் அண்ணே.