ஸ்டாக்ஹோமில் ஏறி நார்விக்கில் இறங்க

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பா போகிறவர்கள் பெரும்பாலும் பாரிஸ், ரோம், சுவிஸ் மலைகள் என்றுதான் திட்டம் போடுகிறார்கள். நான் இன்று சொல்ல வந்தது, வடக்கே ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி ஓடும் ஒரு இரவு ரயிலைப் பற்றி. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் மாலையில் ஏறினால், மறுநாள் பகலில் நார்வேயின் நார்விக் துறைமுகத்தில் இறங்கலாம். நண்பர்களோடு போக இதைவிட நல்ல ரயில் எனக்குத் தெரியாது.

காரணம் அந்த ஆறு பெர்த் அறை. ஆறு பேர் சேர்ந்து முழுசாக எடுத்துவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நடு பெர்த்தை மடக்கிவிட்டால் எதிரெதிரே உட்கார்ந்து பேச இடம் கிடைக்கும். போர்வையும் தலையணையும் தருவார்கள், விரித்துக்கொள்வது நம் பொறுப்பு. யார் மேலே, யார் கீழே என்ற பஞ்சாயத்து உப்சாலா தாண்டியும் ஓடும்.

விமானத்தில் ஆளுக்கொரு வரிசையில் உட்காருகிறோம். ஹோட்டலில் ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுகிறோம். இந்த ரயிலில் போய் ஒளிய இடமில்லை. கல்லூரி நாளிலிருந்து பேசாமலே விட்டிருந்த ஒரு மனத்தாங்கலை எங்களில் இரண்டு பேர் அந்த அறையில்தான் பேசித் தீர்த்தார்கள். மற்றவர்கள் தூங்குவதுபோலப் படுத்திருந்தோம்.

ஜூனில் போனால் இரவு இருட்டாது. வழியில் வரும் கிருனா ஊர் பக்கம் மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. ஜன்னல் திரையை இறக்கிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

விடிகாலையில் பூடன் என்ற சந்திப்பில் ரயில் பிரியும். சில பெட்டிகள் லூலியோவுக்கு, மற்றவை கிருனா வழியாக நார்விக்குக்கு. அதனால் ஏறும்போதே பெட்டி எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள்.

கிருனா இரும்புச் சுரங்க ஊர். ஊருக்கு அடியில் சுரங்கம் விரிந்துகொண்டே போவதால் ஊரையே கிழக்கே நகர்த்துகிறார்கள். 1912-இல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் முழுசாகத் தூக்கி, வண்டியில் ஏற்றி, சுமார் 5 கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போனார்கள்!

இந்தப் பாதை பிறந்ததே அந்த இரும்புக்காகத்தான். ஸ்வீடன் பக்கத்துக் கடல் குளிர்காலத்தில் உறைந்துவிடும். வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் நார்விக் உறையாது. அதனால் மலையைக் குடைந்து பாதை போட்டார்கள். 1903-இல், அப்போது ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் மன்னராக இருந்த இரண்டாம் ஆஸ்கார் திறந்துவைத்தார். இந்த இரும்புக்காகவே 1940-இல் நார்விக்கில் பெரிய போர் நடந்தது. இன்றும் எதிரே தாது ரயில்கள் வந்துகொண்டேயிருக்கும், ஒவ்வொன்றிலும் 68 வேகன்கள். தாதுவோடு நார்விக்கை நோக்கிச் சரிவில் இறங்கும்போது பிரேக் போடுவதிலேயே மின்சாரம் உண்டாகிறது. காலி வேகன்களைத் திரும்ப எல்லை வரை மேலே இழுக்க அதுவே ஏறக்குறைய போதும் என்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கிருனாவுக்குப் பிறகு தயவுசெய்து தூங்காதீர்கள். வலப்பக்கம் தோர்னேத்ரஸ்க் ஏரி வரும், வந்துகொண்டே இருக்கும். 70 கிலோமீட்டர் நீளம்! ஜூன் தொடக்கத்தில்கூட அதில் பனிக்கட்டி மிதப்பதைப் பார்க்கலாம். அபிஸ்கோ நெருங்கும்போது இடப்பக்கம் எட்டிப் பார்த்தால், இரண்டு மலைகளுக்கு நடுவே மண்வெட்டியால் வெட்டியெடுத்ததுபோல ஒரு பெரிய வளைவு தெரியும். லாப்போர்ட்டன் என்று பெயர். அறையின் ஜன்னல் ஒரு பக்கம்தான் இருக்கும் என்பதால், நாங்கள் முறை வைத்து நடைபாதையில் நின்றோம். முதலில் பார்ப்பவர் கூப்பிட வேண்டும் என்று ஒப்பந்தம்.

எல்லை நிலையம் ரிக்ஸ்கிரான்சென் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே. அங்கிருந்து நார்விக் வரை சுமார் 43 கிலோமீட்டரில் அத்தனை உயரமும் இறங்க வேண்டும். குகைக்குள் நுழைந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும், வலப்பக்கக் கடற்கழியின் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும்.

நார்விக்கிலிருந்து நார்வேயின் மற்ற ஊர்களுக்குத் தண்டவாளம் கிடையாது. பஸ் பிடித்து, நடுவில் படகில் கடந்து, ஃபவுஸ்கே போய்ச் சேரலாம். அங்கே போடோவிலிருந்து ட்ரோன்ஹைம் போகும் இரவு ரயில் வரும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடுவே தாராளமாக நேரம் விடுங்கள். இன்னொன்று, அந்த நார்வே ரயிலில் படுக்கை அறைக்கு இரண்டு பெர்த்துதான். ஆறு பேர் என்றால் மூன்று அறை எடுக்க வேண்டும். யாரோடு யார் என்பதை நார்விக்கிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

வணக்கம்.