சேதாரம் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். கடையில் ஏமாறாமல் பொருள் வாங்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மளிகை, மருந்து, மிக்ஸி எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். நான் நகைக் கடையோடு நின்றுகொள்கிறேன். கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கத்தரிக்காய்க் கடையில் கால் மணி நேரம் நிற்கிற நாம், ஐந்து பவுன் வாங்கும்போது மட்டும் ஏசியில் உட்கார்ந்து, கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டு, நீட்டின சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

முதலில் தரத்தைப் பற்றி. இதில் இப்போது நிலைமை பரவாயில்லை. 2021 ஜூனிலிருந்து படிப்படியாக ஒவ்வொரு மாவட்டத்திலும் ஹால்மார்க், அதாவது தங்கத்தின் தரத்துக்கான முத்திரை, கட்டாயமாகி வருகிறது. நகையில் மூன்று முத்திரைகள் இருக்க வேண்டும். பிஐஎஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோணம், 22 காரட் நகை என்றால் 22கே916 என்ற தரக்குறி, அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், அப்புறம் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தருகிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான எச்யுஐடி. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. முத்திரை பொடிப் பொடியாக இருக்கும். கடையிலேயே பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள், கேளுங்கள். செல்போனில் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால், நகை எந்த வகை, தரம் என்ன, எங்கே சோதித்தது எல்லாம் வரும். செயலி மோதிரம் என்று சொல்கிறது, உங்கள் கையில் இருப்பதோ செயின் என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னமும் சிலர் "கேடிஎம் நகையா?" என்று கேட்கிறார்கள். கேடிஎம் என்றது கேட்மியம் கலந்த பற்றவைப்பை. அதன் புகை பட்டறையில் வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும் என்றுதான் அதைக் கைவிட்டார்கள். அது தரத்துக்கான முத்திரையே இல்லை. யாராவது பெருமையாகக் கேடிஎம் என்று சொன்னால், எச்யுஐடியைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். சேதாரம். நகை செய்யும்போது வீணாகிற தங்கத்துக்கு என்று சொல்லி நம்மிடம் வாங்குகிற காசு.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. பேத்திக்குச் செயின் எடுக்கப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். ஒரு பவுன் செயின், சேதாரம் பதினைந்து சதவீதம் என்று சீட்டில் எழுதியிருந்தது. பாட்டி கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, "ஏன் தம்பி, ஒன்னே கால் கிராம் கிட்ட சேதாரம்னு போட்டிருக்கே, அந்தப் பொடி எங்கே?" என்றார். பையனுக்குப் புரியவில்லை. "தங்கப் பொடிப்பா. காசு வாங்குறீங்கல்ல, அதையும் ஒரு பொட்டலத்துல மடிச்சுக் குடுத்துடு" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் சிரித்துச் சமாளித்தான். பாட்டி சிரிக்கவில்லை. மேனேஜர் வந்தார், சதவீதம் பதினொன்றுக்கு இறங்கியது.

பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. கையால் அறுத்து, ராவி, தேய்த்து நகை செய்த காலத்தில் பொடி சிந்தத்தான் செய்யும். ஆனால் அந்தப் பொடியை யாரும் காற்றில் விட்டதில்லை. பட்டறைத் தரையைக் கூட்டி, அந்த மண்ணை அலசித் தங்கம் பிரித்தெடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு. இன்றைக்கு மெஷினில் வருகிற சாதாரண செயினில் சேதம் மிகக் குறைவு. ஆகவே பில்லில் சேதாரம் என்று இருப்பது பெரும்பாலும் கூலியும் கடை லாபமும்தான். கூலியும் லாபமும் வாங்கட்டும், கடை நடத்த வேண்டாமா? அதைச் சதவீதத்தில் வாங்குவதுதான் என் வழக்கு.

ஒரு கணக்கு சொல்கிறேன், மனதிலேயே போட்டுக்கொள்ளலாம். எட்டு கிராம் செயின், பதினைந்து சதவீதம் என்றால் 1.2 கிராம். கிராம் 5,000 ரூபாயாக இருந்தபோது சேதாரம் 6,000. கிராம் 10,000 ஆனால் அதே சேதாரம் 12,000. அதே செயின், அதே மெஷின், அதே தொழிலாளி. அவர் கூலி இரண்டு மடங்கு ஆயிற்றா? போய்க் கேட்டுப் பாருங்கள். போதாததற்கு, மூன்று சதவீத ஜிஎஸ்டி அந்த 12,000 மேலும் சேர்ந்து விழும்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், சதவீதத்தில் பேசாதீர்கள், ரூபாயில் பேசுங்கள். "சேதாரம் எத்தனை சதவீதம்?" என்று கேட்டால் பன்னிரண்டு என்று வாய்க்குள் சொல்வார்கள், நமக்கும் சின்ன எண்ணாகத்தான் கேட்கும். "தங்கத்துக்கு மேலே மொத்தம் எத்தனை ரூபாய்?" என்று கேளுங்கள். அதே டிசைனுக்கு இன்னொரு கடையிலும் கேளுங்கள். "செய்கூலி இல்லை" என்று வாசலில் எழுதியிருந்தால், சேதாரம் எவ்வளவு என்று பாருங்கள். "சேதாரம் இல்லை" என்றால் செய்கூலியைப் பாருங்கள். மொத்த ரூபாய்தான் கணக்கு. கிராம் விலையில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது ஊருக்கெல்லாம் தெரிந்த விலை.

கல் வைத்த நகை வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கல்லையும் அரக்கையும் சேர்த்து எடை போட்டுத் தங்க விலை போட்டால், கண்ணாடிக் கல்லுக்குத் தங்கத்தின் விலை கொடுக்கிறோம். அதே நகையைத் திருப்பி விற்கப் போனால், கல்லை எடுத்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். நிகர எடை தனி, கல் தனி, கல்லுக்கு விலை தனி என்று பில்லில் வர வேண்டும். பில் என்றுதான் சொல்கிறேன். எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள், ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அந்தச் சீட்டு மளிகைப் பட்டியலுக்குத்தான் ஆகும்.

வாங்கின பிறகு சந்தேகம் வந்தால், பிஐஎஸ் அங்கீகரித்த சோதனை மையத்தில் கொடுத்துப் பார்க்கலாம். நான்கு நகை வரைக்கும் குறைந்தபட்சக் கட்டணம் 200 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். ஹால்மார்க் நகையில் தரம் குறைந்தால், அந்த வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்று பிஐஎஸ்ஸின் 2018 விதிகளில் இருக்கிறது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். பழைய நகை மாற்றுவது பற்றித் தனியாகவே பேச வேண்டும். இப்போதைக்கு, உருக்குவதற்கு முன்னால் எடையை எழுதி வாங்குங்கள். நகைச் சீட்டு பதினொரு மாதம் கட்டுகிறவர்கள், முடிவில் சேதாரச் சலுகை எந்தெந்த நகைக்கு என்று சேரும் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள். அது வங்கி டெபாசிட் கிடையாது, கடை மூடினால் காப்பீடும் இல்லை. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். வணக்கம்.