பிக்கப் குறைஞ்சிருச்சா? ரோட்டுலயே அளந்து பாத்துட்டேன்

வணக்கம் மக்களே. மணி காலைல அஞ்சே முக்கால். நாலுவழிச் சாலை, வண்டி நடமாட்டமே இல்ல. பின்னாடி நிக்கிறது என் 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல். புதுசுல 83 பிஎஸ் (குதிரைத்திறன் கணக்கு), 6000 ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 6000 சுத்து சுத்துறப்போ. இப்போ ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. பிக்கப் போச்சு, இன்ஜினைப் பிரிச்சே ஆகணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல சொல்லிட்டாங்க. பெரிய செலவு. பிரிக்கிறதுக்கு முன்னாடி உண்மையிலயே குறைஞ்சிருக்கான்னு எனக்குத் தெரியணும்.

வண்டியோட எடையும், வேகம் கூட ஆகுற நேரமும் தெரிஞ்சா பவரைக் கணக்குப் போட்டுடலாம். இந்தச் சீட்டைப் பாருங்க, நேத்து எடை மேடைல போட்டது. லாரிக்கெல்லாம் எடை போடுவாங்கல்ல, அங்கதான். நானும் தம்பியும் உள்ள உக்காந்து, பாதி டேங்க் பெட்ரோலோட 1010 கிலோ. ஆர்சி புக்ல இருக்கிறது காலி வண்டியோட எடை. அதை வச்சுக் கணக்குப் போட்டா, வர்ற பவர்ல ஏழுல ஒரு பங்கு காணாமப் போயிடும். நிறைய பேரு சறுக்குறது இங்கதான்.

செகண்ட் கியர், ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சு, மணிக்கு 70 கிலோமீட்டர்ல இருந்து 80 போக எவ்வளவு நேரம்? போறப்போ 1.40 செகண்டு, திரும்பி வர்றப்போ 1.50. கண்ணுக்குச் சமதளமாத்தான் தெரியுது, ஆனா லேசான ஏத்தம் இருக்கு. அதனாலதான் ரெண்டு பக்கமும் ஓட்டணும். சராசரி 1.45. போன்ல இருக்கிற ஜிபிஎஸ் பெரும்பாலும் செகண்டுக்கு ஒரு தடவைதான் வேகம் சொல்லும், இதுக்கு அது ஆகாது. நான் வச்சிருக்கிறது செகண்டுக்குப் பத்து தடவை சொல்றது. ஸ்பீடோமீட்டரையும் நம்பாதீங்க, அது கூடத்தான் காட்டும். தம்பிதான் கருவியைப் பாக்குறான், என் கண்ணு ரோட்டுலதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. 80ல கியரை நியூட்ரல் பண்ணி சும்மா உருள விட்டேன். 70க்கு இறங்க 9.4 செகண்டு ஆச்சு, இதுவும் ரெண்டு பக்கச் சராசரி. 1010 கிலோ வண்டி 70ல இருந்து 80 போக 58.4 கிலோஜூல் வேணும். அதே 58.4ஐத்தான் காத்தும் டயரும் 9.4 செகண்டுல தின்னு தீர்த்துச்சு. வகுத்துப் பாத்தா வேகம் கூட்ட 40.3 கிலோவாட், காத்தையும் டயர் உராய்வையும் சமாளிக்க 6.2. காத்துக்குன்னு தனி சூத்திரமே தேவையில்ல, வண்டியே சொல்லிடுது!

வீலு, ஃப்ளைவீல் (இன்ஜினோட சேந்து சுத்துற கனமான சக்கரம்) எல்லாத்தையும் சுத்தி விடவும் சக்தி போகுது. அதுக்கு வேகம் கூட்டுற பங்குல மட்டும் 8 சதவீதம் சேத்திருக்கேன், அது என் அனுமானம். மொத்தம் கிட்டத்தட்ட 50 கிலோவாட், அதாவது 68 பிஎஸ்.

68 தானான்னு பதறாதீங்க. இது டயர்ல வந்து சேர்ற பவர். கம்பெனி சொல்ற 83 கிராங்க்ல, அதாவது இன்ஜினை விட்டு வெளிய வர்ற தண்டுல அளந்தது. நடுவுல கியர்பாக்ஸ் 10, 15 சதவீதம் எடுத்துக்கும். அதைத் திருப்பிச் சேத்தா 78 கிட்ட வருது. நான் அளந்த நேரத்துல இன்ஜின் 6000ஐத் தொடவே இல்ல, அதுக்குக் கீழதான் சுத்துச்சு. அப்போ 78ங்கிறது நல்ல எண்ணு. இன்ஜினைப் பிரிக்க மாட்டேன். நாளைக்கு ஏர் ஃபில்டரை மட்டும் மாத்திட்டு, இதே ரோடு, இதே நேரம், ஏசி ஆஃப், டயர்ல இதே காத்து வச்சு மறுபடி ஓட்டப் போறேன்.