கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடப் பையன் கோடிங் (கணினி நிரல் எழுதுவது) படித்தானாம், கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளமாம். பிள்ளைகளுக்கு இணையத்தில் கோடிங் கற்றுக்கொடுத்த ஒயிட்ஹேட் ஜூனியர் நிறுவனத்தின் விளம்பரங்களில் வந்த அந்தப் பையன் வெறும் கற்பனை. 2020 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் ஐந்து விளம்பரங்களை விலக்கிக்கொள்ளச் சொன்னது இந்திய விளம்பரத் தரக் கவுன்சில். அதே ஆண்டுதான் பைஜூஸ் என்ற இணையவழிக் கல்வி நிறுவனம் அதை 30 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது.

2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பைஜூஸ் தலைமைக்கே அழைப்பாணை அனுப்பியது. பெற்றோரை வற்புறுத்தி, கடன் ஒப்பந்தங்களில் சிக்க வைக்கிறார்கள் என்று புகார். மாதத் தவணை என்று நினைத்துச் சம்மதித்தோம், பிறகுதான் ஒரு நிதி நிறுவனத்திடம் நம் பெயரில் கடன் வாங்கியிருப்பது தெரிந்தது என்றார்கள் பலர். பிள்ளை படிப்பை விட்டாலும் தவணை விடாது.

இதைப் பெற்றோரின் பேராசை என்று சொல்வது அநியாயம். நமக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்ற ஏக்கத்தைத்தான் விற்பனையாளர் குறிவைக்கிறார். வீட்டுக்கே வந்து, "உங்க பையனுக்கு இதுகூடச் செய்ய மாட்டீங்களா?" என்று கேட்டால், எந்தத் தாய் வாய் திறப்பாள்?

வாய் திறக்கக் கற்றுக்கொடுத்த கல்வி நம்மிடம் இருந்தது. 1991-இல் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல் உடைக்கும் பெண்கள் மாலை வகுப்புக்கு வந்தார்கள். எழுத்தோடு கூலிக் கணக்கையும் பேசினார்கள். அவர்களில் பலர் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். சைக்கிள் பழகி, யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களுக்குத் துணை நின்றார். எழுத்தறிவு என்றால் எனக்கு அதுதான்.

இப்போது எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. நிதி அறிவும் அதில் உண்டு. ஏடிஎம்மில் பணம் எடுக்கத் தெரிந்தால் போதாது. அதில் பாடம் நடத்தும் தன்னார்வலர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: ஒரு மாலை முழுக்க ஒரு கல்விக் கடன் ஒப்பந்தத்தை நடுவில் வைத்து எல்லாரும் சேர்ந்து படியுங்கள். கடன் யார் பெயரில்? வட்டி எவ்வளவு? நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும்? ஓடிபி சொன்னால் எதற்குச் சம்மதித்ததாக ஆகும்? பதில் கிடைக்காத வரிகளைக் கோடிட்டு, அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அன்றைய எழுத்துப் பயிற்சி அந்தக் கடிதமாகவே இருக்கட்டும்.