ஒரு போல்ட் போதும்: காகிதத்துல தகரக் கூரை, மழைக்குக் கூன் போடாத ரோபோ!

[திரையில்: மேசை மேல் ஓர் அட்டை ரோபோ, பக்கத்தில் துருப்பிடித்த தகரக் கொட்டகை. ஒரு விரல் கூரையை மெல்லத் தடவுகிறது.]

இந்தக் கூரைய நல்லா பாருங்க. தகரம் இல்ல, ஃபோட்டோஸ்டேட் கடைக் காகிதம். இந்த அலை வரியெல்லாம் போட்டது ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற ஒரே ஒரு போல்ட். எப்படின்னு காட்டுறேன். ஆனா அதுக்கு முன்னாடி காகிதத்தப் பத்தி ஒரு விஷயம் தெரியணும். அது தெரியாம ஒட்டினா, மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல சாயங்காலம் ஒரு மழை பெஞ்சாலே ரோபோ கூன் போட்டுரும்.

முதல்ல அளவு. மேசை விளையாட்டுப் பொம்மைகள்ல அதிகமா பழக்கத்துல இருக்கிறது 28 மில்லிமீட்டர், அதாவது ஓர் ஆள் பொம்மையோட உயரம் சுமார் அவ்வளவு. நிஜ உருவத்துல ஏறக்குறைய 56-ல ஒரு பங்கு. இந்த 56-ஐ ஞாபகம் வச்சுக்குங்க, கூரைக்கு வேணும். அப்புறம் பிரிண்ட். டெம்ப்ளேட், அதாவது வெட்டி மடிக்கிறதுக்கான அச்சுப் படம், பலதும் அமெரிக்க லெட்டர் தாளுக்கு வரைஞ்சது, அகலம் 216 மில்லிமீட்டர். நம்ம ஏ4 அகலம் 210. தாளுக்குள்ள அடக்குன்னு விட்டா 25.4 மில்லிமீட்டர் கட்டம் 24.7 ஆயிடும். கடையில "100 சதவிகிதத்துலயே அடிங்கண்ணே"ன்னு சொல்லி வாங்குங்க.

[திரையில்: வாழைமட்டையை நெடுக்காகக் கிழிக்கும் கை.]

இப்போ அந்த விஷயம். வாழைமட்டைய நெடுக்க கிழிச்சா சர்ருன்னு வரும். குறுக்க கிழிச்சா முரண்டு பிடிக்கும். காகிதமும் அதே ஜாதிதான்! ஆலையில தாள் ஓடுற திசையிலயே கூழோட நார் படிஞ்சிருது. ஈரக் காத்து பட்டா நார் பருக்கும், ஆனா நீளம் அவ்வளவா கூடாது. அதனால தாள் நாருக்குக் குறுக்கதான் விரியும்.

நார் எந்தப் பக்கம்னு பார்க்க 5 சென்டிமீட்டர் சதுரம் ஒண்ணு வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஈர விரலால தடவுங்க. சில நொடியில சுருண்டு குழாய் மாதிரி வரும். குழாய் நீளுற திசைதான் நார். உடனே மிச்சத் தாள்ல பென்சிலால அம்புக்குறி போட்டுருங்க. இத எத்தனையோ செய்முறையில சொல்லாமலே விட்டுடுறாங்க. மடிப்பு வெடிக்கிறதுக்கும் கால் வளையறதுக்கும் பெரும்பாலும் காரணம் இதுதான், உங்க கை இல்ல.

ரோபோவோட நெஞ்சுப் பெட்டி: அகலம் 25, ஆழம் 15, உயரம் 20 மில்லிமீட்டர். 160-லருந்து 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல) மானிலா கார்டுல 86 மில்லிமீட்டர் நீளப் பட்டை. நாலு பக்கத்துக்கு 80, ஒட்டுற மடிப்புக்கு 6. நார் 20 மில்லிமீட்டர் உயரத்தோட ஓடணும். அப்போ நாலு மடிப்பும் நாரோட போகும், மூலை கத்தி மாதிரி நிக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால ரூலர் வச்சு ஒரு கோடு அழுத்தி, அப்புறம் மடிங்க. கட்டர் கத்தியால கீறாதீங்க, மேல் தோல் அறுந்து வெள்ளை தெரியும். ஒட்டுறதுக்கு முன்னாடி வெட்டின ஓரம் எல்லாத்துலயும் சாம்பல் நிற மார்க்கர ஓட்டிருங்க. வெள்ளை ஓரம் ஒண்ணு தெரிஞ்சா போதும், இரும்பு ரோபோ மறுபடி அட்டையாயிடும்.

கைகால் சுலபம். 80 ஜிஎஸ்எம் தாள்ல 20-க்கு 60 மில்லிமீட்டர் துண்டு. நார் 20 பக்கத்தோட போகணும். 2 மில்லிமீட்டர் பல்குச்சியில இறுக்கிச் சுத்துனா சுமார் மூணரை மில்லிமீட்டர் தடியில குழாய் கிடைக்கும்.

[திரையில்: போல்ட். மெல்ல உருளுகிறது.]

வந்தாச்சு, கூரை! பெட்டி அட்டைய உரிச்சு உள்ள இருக்கிற அலையக் கூரையா வைக்கிறவங்க நிறைய. ஆனா சாதாரணப் பெட்டியில ஓர் அலை சுமார் 6-லருந்து 8 மில்லிமீட்டர். 6-ஐயே 56-ஆல பெருக்குங்க, 33 சென்டிமீட்டருக்கு மேல போகும். ஓர் அலையில ஒரு கைக்குழந்தையத் தூங்க வைக்கலாம்! தோட்டத்து லயத்துக் கூரைய நிமிர்ந்து பாருங்க, அலைக்கு அலை சுமார் 76 மில்லிமீட்டர்தான். 56-ஆல வகுத்தா 1.36.

இப்போ இத கேளுங்க. 8 மில்லிமீட்டர் போல்ட்ல சாதாரணமா மரைக்கு மரை இடைவெளி 1.25. 10 மில்லிமீட்டர் போல்ட்ல 1.5. நமக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல! எனக்குச் சின்னதுதான் பிடிக்கும், வரி நெருக்கமா இருந்தா கட்டடம் பெருசா தெரியும்.

முழு நீளமும் மரை ஓடுற போல்ட்டா கேட்டு வாங்குங்க. 80 ஜிஎஸ்எம் தாளுக்கு அடியில சமையல் அலுமினியத் தாள மெல்லிசா பசை தடவி ஒட்டி, நல்லா காயவிடுங்க. வெறும் காகிதம் அழுத்தினாலும் மெல்ல நிமிர்ந்துரும், அலுமினியம் வரியப் பிடிச்சு வச்சுக்கும். மவுஸ் பேட் மேல வச்சு, போல்ட்ட நார் போற திசையில ஒரே தடவை அழுத்தி உருட்டுங்க. திரும்ப உருட்டினா வரி மேல வரி ஏறிக் குழம்பிடும்.

வரி கொஞ்சம் சாய்வா வரும். பயப்படாதீங்க, மரை சுத்திச் சுத்திப் போறதால 3 டிகிரி சாயத்தான் செய்யும். 60 மில்லிமீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல விலகும். அதனால பெரிய துண்டா உருட்டிட்டு, வரிய ஒட்டி ரூலர் வச்சு வெட்டுங்க. துரு வேணும்னா ஈரப் பெயிண்ட் வேண்டாம், பழுப்பு நிறச் சாக்பீஸ் தூளத் தகரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல விரலால தேய்ங்க. நிஜத் துருவும் அங்கதான் பிடிக்கும்.

கட்டடத்துக்கு வேற மாதிரி தேடுறீங்களா? செம்பனை ஆலையப் பாருங்க. பழக்குலைய ஆவியில வேகவைக்கிற உருளைக்கு டிஷ்யூ ரோல் குழாய் அச்சா பொருந்தும். 4 சென்டிமீட்டர் விட்டம் 56 மடங்குல 2.24 மீட்டர், ஆள் நிமிர்ந்து நிக்கலாம்.

சுவருக்கு அட்டையில ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் ஒட்டினா காயும்போது வளையும். பின்பக்கமும் அதே நார் திசையில வெறும் தாள் ஒட்டுங்க, ரெண்டு இழுப்பும் சமமாயிடும். மைதாப் பசை மட்டும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும், கரப்பான் அரிக்கும். வெள்ளைப் பசையப் பல்குச்சி நுனியில எடுத்து மெல்லிசா இழுத்தா போதும். மேட் ஸ்ப்ரே (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடிக்கிறதா இருந்தா வெயில் இருக்கிறப்பவே முடிச்சிருங்க. மழைக்காத்துல அடிச்சா வெள்ளையா பூத்துரும்.

கடைசியா பாதம். ரோபோ நிக்கிற 25 மில்லிமீட்டர் வட்டத்துக்கு அடியில 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் போடுற வாஷர் ஒட்டுங்க. அதோட அகலம் 24, வெளிய தெரியாது. ஃபேன் காத்துக்கும் ரோபோ சாயாது, எடுத்து வைக்கிற பெட்டியோட அடியில காந்தத் தாள் விரிச்சா பத்திரமா ஒட்டிக்கும். உங்க கூரைக்கு 8 சரியா வந்துச்சா, 10 சரியா வந்துச்சான்னு படத்தோட கீழ போடுங்க, ஒவ்வொண்ணா பார்க்குறேன்.